துரை இல்லாத நேரத்து உத்தரவு

மேஜர் துரையின் குதிரைப்படை மூன்று பிரிவாகப் பிரிந்து காலையில் புறப்பட்டது. மத்தியானத்துக்குள் மூன்றும் காணாமல் போய்விட்டன. யாரும் சாகவில்லை, யாரும் வழி தவறவும் இல்லை. குதிரைகள் எங்கேயோ சௌக்கியமாகப் புல் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. எங்கே என்பதுதான் துரைக்குத் தெரியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய எனக்கும் தெரியவில்லை. டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு அன்று நான் விழித்த விழியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து செத்தேன்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரைக்கும் இருந்த தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைகள் சேர்ந்து ஒரு குதிரைப்படை வைத்திருந்தார்கள். சம்பளம் இல்லாத படை. வாரம் முழுக்கத் தேயிலையையும் ஏலக்காயையும் பார்க்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் காக்கி மாட்டித் துப்பாக்கி தூக்கிச் சிப்பாய்கள் ஆகிவிடுவார்கள். என் அப்பா தோட்டத்து வேதக்கோயிலில் உபதேசியார். ஓய்வுநாளில் இப்படிக் குதிரையை விரட்டுகிறார்களே என்று அவருக்கு மகா வருத்தம். எனக்கோ அந்தக் குளம்புச் சத்தம் கேட்டால் ஜெபத்தில் கண் மூடியிருக்கும்போதே உடம்பு துள்ளும்.

அந்தப் படையில் மேஜர் துரை ஒருவர்தான் நிஜமான யுத்தம் பார்த்தவர். இடது கையை முழுசாக நீட்ட முடியாமல் திரும்பி வந்தவர். அவருக்கு முன்னால் படையை நடத்திய துரை, ஒரு பாறைமேல் குதிரையை நிறுத்தி, தூரக்கண்ணாடியில் பார்த்து, குதிரைவீரனிடம் உத்தரவைச் சொல்லி அனுப்புவாராம். உத்தரவு போய்ச் சேரும்போது படை வேறு மலையில் இருக்குமாம். அதைக் கேட்டால் மேஜர் துரைக்குப் பொறுக்காது. "யுத்தத்திலே குண்டு பட்டுச் செத்தவனைவிட, லேட்டாய் வந்த உத்தரவாலே செத்தவன் ஜாஸ்தி" என்பார். அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். யாராக இருந்தாலும் 'நீ'தான்.

அவருடைய யோசனை இதுதான். தோட்டத்துக்குத் தோட்டம் ஏற்கெனவே டெலிபோன் கம்பி இருந்தது. குதிரைப்பாதை இரண்டாகப் பிரிகிற இடங்களில் எல்லாம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் ஒரு டெலிபோனும் பேசத் தெரிந்த ஓர் ஆளும் வைப்பது. அதற்குச் சாவடி என்று பெயர். படை எந்தச் சாவடியைத் தாண்டினாலும் அந்த ஆள் மணி அடித்துச் சொல்ல வேண்டும். எல்லாக் கம்பியும் வந்து சேரும் போர்டு ஓர் ஏலக்காய் ஸ்டோரில் இருக்கும். காய் உலர்த்துகிற அந்தக் கட்டிடத்தில் மேஜர் துரை மேஜைமேல் மேப்பை விரித்து வைத்து, மூன்று படைக்கும் மூன்று தீப்பெட்டியை வைத்துக்கொள்வார். செய்தி வர வரத் தீப்பெட்டி நகரும். அதைப் பார்த்து அவர் உத்தரவு சொல்வார். ஓடிக்கொண்டிருக்கிற குதிரையை உட்கார்ந்த இடத்திலிருந்து திருப்ப வேண்டும். அவர் இதை விவரித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

போர்டு எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள், இங்கிலீஷ் வரும். அப்படிப்பட்ட எனக்குத் தோட்டத்தில் கிடைத்த வேலை பிள்ளைக்காம்பிராவில். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். குழந்தைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஒன்று நிறுத்தினால் இன்னொன்று அழும். போர்டு பார்த்துக்கொண்டிருந்த ஆள் மலைக்காய்ச்சலில் விழுந்து கம்பம் ஊருக்குப் போய்விட்டதால், அவர் வருகிற வரைக்கும் என்று என்னை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இதை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன் என்று.

போர்டில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்னப் பித்தளை மூடி உண்டு. தூரத்தில் எவனோ கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அந்த மூடி டக்கென்று விழும். அந்த 'டக்' சத்தத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மலைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவன் என் மடியில் கல் எறிந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

பொய்ச்சண்டைக்கு நாள் குறித்தபோது மேஜர் துரை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சண்டையிலே போர்டு சரியாய் நடந்தால் இந்த வேலை உனக்கு நிரந்தரம். நடக்கலேன்னா பிள்ளைக்காம்பிரா."

பொய்ச்சண்டை இப்படி. மதுரையிலிருந்து வந்த சிப்பாய்க் கம்பெனி ஒன்று போடியிலிருந்து கால்நடையாக மலையுச்சியிலுள்ள மெட்டுக்கு ஏறி வரும். அவர்கள்தான் எதிரி. எந்த ஒற்றையடிப் பாதையில் ஏறுவார்கள் என்று தெரியாது. நம்முடைய மூன்று குதிரைப்படையும் அவர்களுக்கு முன்னால் போய் மறிக்க வேண்டும். மறித்தால் நாம் ஜெயித்தோம். மெட்டில் அவர்கள் கொடி ஏறிவிட்டால் தோற்றோம். முதல் நாள் ஒத்திகை. இரண்டாம் நாள் ஒரு ஜெனரல் துரை நேரில் வந்து பார்ப்பார்.

ஒத்திகை நாளில்தான் மூன்று படையும் காணாமல் போயின.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மூடி விழுந்தது. கவட்டைச் சாவடி. பாதை மேல் ரோடு, கீழ் ரோடு என்று பிரிகிற இடம். அங்கே இருந்தவர் எங்கள் கோயிலுக்கு வருகிற ஓர் அண்ணாச்சி. பேசச் சொன்னால் பேசிக்கொண்டே இருப்பார், அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"தாயி, ரெண்டாவது படை வந்துச்சு. குதிரைக்குத் தண்ணி காட்டுனாக. போயிட்டாக."

"எந்த ரோட்டுல போனாக அண்ணாச்சி?"

"அது எப்படித் தெரியும்? மஞ்சு மூடிக் கெடக்கு. பத்தடி தள்ளிப் போனா ஆனையே நின்னாலும் தெரியாது."

"கேட்டிருக்கலாம்லா?"

அவர் தயங்கிச் சொன்னார்: "பொறப்பட்டு நிக்கிற ஆளுககிட்ட அதை எப்படித் தாயி கேக்கது? தூரமான்னு கேட்டேன். ஆமா, தூரந்தான்னு சொன்னாக."

இதை மேஜர் துரையிடம் அப்படியே சொன்னேன். வேறென்ன செய்ய? தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னையே பார்த்தார். "தூரம். எந்தத் தூரம்? தூரம் என்கிற ஊர் இந்த மேப்பிலே எங்கே இருக்கு?"

பாலச் சாவடியைக் கேட்டோம். அங்கேயும் அதே கதை. "மொத படை வந்தாக, போயிட்டாக." எங்கே? "கேக்கலை தாயி." மொட்டைப்பாறைச் சாவடியிலும் அதே. ஒருவரை ஒருவர் கலந்து பேசாமலேயே எல்லாச் சாவடியிலும் எல்லா ஆளும் ஒன்றுபோல ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள். இவ்வளவு ஒழுங்கு அந்தப் படையிடம்கூட இல்லை. துரையின் கழுத்து மெதுவாகச் சிவந்து, சிவப்பு காதுக்கு ஏறியது. எனக்குப் பிள்ளைக்காம்பிராவின் அழுகைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

கடைசியில் துரையே டெலிபோனைப் பிடுங்கிக் கவட்டைச் சாவடிக்குக் கத்தினார். "அடுத்த படை வந்தால் கேள்! எங்கே போறேன்னு கேள்! கேட்காமல் விடாதே!"

மூன்றாவது படை அங்கே வந்தது. அண்ணாச்சி பாவம், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார். கொஞ்ச நேரத்தில் மூடி விழுந்தது.

"தாயி, தொரை சொன்னாகன்னு கேட்டுப்புட்டேன். முன்னால மட்டக்குதிரையில வழிகாட்டிட்டுப் போறாருல்லா, அந்த ஆளு எறங்கிக் கல்லுல உக்காந்துட்டாரு. ஒரு செம்பு தண்ணி கேக்காரு. குடிச்சிட்டுச் செத்த நேரம் இருந்துதான் எந்திரிப்பாராம். பாதை குறுகல். பின்னால அம்புட்டுக் குதிரையும் நிக்குது. தொரைமாரு இங்கிலீஷ்ல ஏசுதாக."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. துரை, "என்ன? என்ன?" என்று மேஜையைத் தட்டினார்.

சொன்னேன். புறப்பட்டு நிற்கிற ஒருவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் 'தூரமா?' என்று கேட்போம், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். அறியாப்பிள்ளை எதுவும் வாய் தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகப் புறப்படுவார்.

"மூடநம்பிக்கை!" என்றார் துரை. "நீங்க எல்லாம் கிறிஸ்தவங்கதானே?"

"எங்கப்பா உபதேசியாரு தொரை. சகுனம் பாக்கிறது பாவம்னு பிரசங்கம் பண்ணுவாக. ஆனா பிரசங்கத்துக்குக் கெளம்பையில யாராச்சும் எங்கன்னு கேட்டா, உள்ள வந்து ஒரு செம்பு தண்ணி குடிச்சுட்டுத்தான் போவாக. நானும் கேக்க மாட்டேன். நீங்க இப்போ தொப்பியை எடுத்து மாட்டினா உங்களையும் கேக்க மாட்டேன்."

தொப்பிக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"உத்தரவு போட்டால் கேட்பாங்களா?" என்றார்.

"போட்டாச்சே தொரை. ஒரு படை கல்லுல உக்காந்திருக்கு."

அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான் சும்மா இருக்கவில்லை. இருந்தால் போர்டு போய்விடும் என்ற அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கேட்டால்தானே தடை? யாரும் கேட்காமல் அவர்களே சொன்னால் ஒன்றுமில்லையே. அதுவும் புறப்படும்போது வேண்டாம். வந்து இறங்கும்போதே, வந்த செய்தியோடு அடுத்த இடத்தையும் துரைமார்களே சாவடிக்குச் சொல்லிவிடட்டும். சாவடிக்காரர் வாயே திறக்க வேண்டியதில்லை.

துரை நடப்பதை நிறுத்தினார். என்னை விட்டுவிட்டு மேப்பைப் பார்த்தார். பிறகு அவர் பேசியது என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாது. வந்து இறங்கும்போதே அடுத்த இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு படைத் தலைவனும் அதற்குள் யோசித்து முடித்திருக்க வேண்டும். குதிரை தண்ணீர் குடிக்கிற நேரம் பூராவும் நமக்கு மிச்சம். அவன் சொன்ன இடம் தப்பு என்றால், அவன் கிளம்பும் முன்னால் மாற்றிவிடலாம். கிளம்பிய பிறகு துரத்திப் பிடிக்க வேண்டியதே இல்லை!

"நல்லது! ரொம்ப நல்லது!" என்று நீட்ட முடியாத கையால் மேஜையில் ஓங்கி அடித்துவிட்டு, வலியில் கையை உதறினார். அன்று மாலையே எல்லாப் படைக்கும் அந்த உத்தரவு போனது. சாவடிக்காரர்கள் எல்லாரும் நிம்மதியாகச் சோறு தின்றார்கள் என்று மறுநாள் அண்ணாச்சி சொன்னார்.

ஒத்திகையில் இன்னொன்றும் நடந்தது. எதிரிச் சிப்பாய்களில் யாரோ ஒரு கெட்டிக்காரர், மெட்டுக்குப் பக்கத்துச் சாவடிக்குள் புகுந்து, டெலிபோனில் நம் படை ஒன்றைத் தப்பான பாதைக்குப் போகச் சொல்லியிருந்தார். பொய்ச்சண்டையில் அதற்கெல்லாம் இடம் உண்டாம். அதனால் மறுநாள், மேஜர் துரையின் உத்தரவைத் தவிர வேறு எவர் பேச்சையும் படைத் தலைவர்கள் நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஜெனரல் துரை வந்தார். பருமனான ஆள். போர்டைப் பார்த்ததும், சோற்றில் ஈ கிடந்ததைப் பார்த்ததுபோல முகம் சுளித்தார். அதற்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சுளித்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை வேகமாக ஓடும். அது அன்றைக்கு உதவியது.

ஏனென்றால் அன்று காலை மாதிரி ஒரு காலையை நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. டக். "பாலச் சாவடி. மொத படை வந்தாச்சு. அடுத்து மொட்டைப்பாறை." டக். "மொட்டைப்பாறை. மூணாவது படை வந்தாச்சு. அடுத்து கீழ்ச்சோலை." டக், டக். பேச்சை இணைக்கிற கயிற்றைப் போர்டில் செருகுகிறேன், பிடுங்குகிறேன், இன்னொன்றைச் செருகுகிறேன். துரையின் தீப்பெட்டிகள் மேப்பில் ஊர்கின்றன. சிப்பாய்கள் கீழ்ச்சோலைப் பாதையில் தலைகாட்டினார்கள். மூன்றாவது படை அங்கே அவர்களுக்கு முன்னால் நின்றது. அவர்கள் பின்வாங்கி மொட்டைப்பாறைப் பக்கம் ஏறினார்கள். முதல் படை அங்கே காத்திருந்தது. மலையே என் மடியில் இருப்பதுபோல இருந்தது. பசி தெரியவில்லை, கால் மரத்தது தெரியவில்லை. பாட்டுப் பாட வேண்டும்போல இருந்தது.

ஜெனரல் துரைக்கு மட்டும் திருப்தி இல்லை. தளபதி என்பவன் குதிரைமேல் இருக்க வேண்டும், ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் அல்ல என்றார். மஞ்சு சற்று விலகியதும், வா, பாறைமேல் ஏறிக் கண்ணால் பார்ப்போம் என்று மேஜர் துரையைக் கூப்பிட்டார். பெரியவர் கூப்பிட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மேஜர் துரை தொப்பியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போகிறவர் மாதிரி.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் மூடி விழுந்தது. "ரெண்டாவது படை வந்தாச்சு தாயி. அடுத்து மேல் ரோடு வழியா மெட்டுக்கு." சரி என்று தீப்பெட்டியை நானே எழுந்து நகர்த்தி வைத்தேன். அது சரியான இடம்தான். எதிரி அங்கேதான் ஏறுவான் என்று துரையும் சொல்லியிருந்தார்.

உட்காரும் முன்னால் இன்னொரு மூடி விழுந்தது. ரோட்டு மேஸ்திரி, அவருடைய வேலைக் கொட்டகை டெலிபோனிலிருந்து. மேல் ரோட்டில் ஒரு வளைவை அகலப்படுத்த வெடிமருந்து வைத்துப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பொய்ச்சண்டை முடிகிற வரைக்கும் வெடி கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தது. ஆனால் ஏற்கெனவே மருந்து திணித்துக் கெட்டித்துவிட்ட குழிகள் இருந்தன. வானம் கறுத்து வந்தது. மருந்து நனைந்து வெடிக்காமல் பாறைக்குள்ளேயே கிடந்தால், பிறகு யார் கடப்பாரை போட்டாலும் ஆபத்து. அதனால் இதை மட்டும் முடித்துவிடுவோம் என்று அந்த மனிதர் தீர்மானித்திருக்கிறார். அவர் தீர்மானத்தில் பழுது சொல்ல என்னால் இன்றைக்கும் முடியவில்லை.

"தாயி, திரியில தீ வச்சாச்சு. ரெண்டு பக்கமும் செவப்புத் துணியோட ஆள் நிறுத்தியிருக்கேன். மேல் ரோட்டுல யாரும் வரலைல்லா?" என்றார். நான் பதில் சொல்லும் முன்னால் டெலிபோனை வைத்துவிட்டு மறைவுக்கு ஓடிவிட்டார்.

இரண்டாவது படை அங்கேதான் போகப்போகிறது. மஞ்சில் எந்தச் சிவப்புத் துணி தெரியும்? தெரிந்தாலும், சண்டை வெறியில் பாய்ந்து வருகிற துரைமார் அதை எதிரியின் தந்திரம் என்றுதான் நினைப்பார்கள். கவட்டைச் சாவடிக்குக் கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றின சுற்றில் மணிக்கட்டு பிசகியது.

"அண்ணாச்சி, அவுகளை நிறுத்துங்க! மேல் ரோட்டுல வெடி!"

"ஐயோ தாயி, எல்லாரும் குதிரையில ஏறியாச்சே. நா சொன்னா நிப்பாகளா?"

"படைத்தொரையைப் போனுக்குக் கூப்பிடுங்க. காலைப் பிடிச்சு இழுத்தாவது கூப்பிடுங்க!"

வந்தார். இளைய துரை, அவசரக்காரர். இங்கிலீஷில், "யார் பேசுவது?" என்றார். போர்டு என்றேன். மேல் ரோட்டில் வெடிக்குத் தீ வைத்துவிட்டார்கள், போகாதீர்கள் என்றேன். அவர் சிரித்தார். வெடி வேலையை நிறுத்தியாகிவிட்டது, தனக்குத் தெரியும் என்றார். நேற்றைக்கு மாதிரி இன்றைக்கும் எதிரிகள் ஆளை அனுப்பிப் பேசச் சொன்னார்களா? மேஜரைக் கொடு என்றார்.

பின்னாளில் இதைக் கேட்ட ஒருவர், "வழிகாட்டியைப் பார்த்து எங்கே போகிறாய் என்று அண்ணாச்சியைக் கேட்கச் சொல்லியிருந்தால் தானாக நின்றிருக்குமே" என்றார். வாஸ்தவம். எனக்கு அது தோன்றவே இல்லை. மேஜர் இங்கே இல்லை என்று சொன்னால் அவர் வைத்துவிட்டுப் போய்விடுவார் என்பது மட்டும்தான் தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது: துரை சொல்லாத உத்தரவை அவர் பேரால் சொன்னால், போர்டு மட்டுமல்ல, தோட்டமே என்னை வைத்துக்கொள்ளாது. அப்பாவின் உபதேசியார் வேலைக்கும் கேள்வி வரும்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேஜர் துரை எந்த உத்தரவையும் 'கேள்வி வேண்டாம்' என்றுதான் முடிப்பார். காலையிலிருந்து அவர் உத்தரவுகளை இந்த வாயால்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"மேஜரின் உத்தரவு," என்றேன் இங்கிலீஷில். "இரண்டாம் படை நின்ற இடத்தில் நிற்கவும். மேல் ரோட்டில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. கேள்வி வேண்டாம்."

"நின்றால் மெட்டு போய்விடும்!"

"கேள்வி வேண்டாம்."

மறுமுனையில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. அதற்குப் பிறகு, நில் என்று அவர் தன் ஆட்களைப் பார்த்துக் கத்துகிற சத்தம். கயிற்றைப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரி அணைந்துவிட்டதோ? சும்மா ஒரு படையை நிறுத்தி, சண்டையையும் தோற்கடித்து, பொய்யும் சொல்லிவிட்டேனோ? வெடிக்காமல் இருந்தால் என் கதி என்ன என்று நினைத்தேன். இப்படி நினைக்கிறாயே பாவி என்றும் நினைத்தேன்.

வெடித்தது. ஸ்டோரின் தகரம் அதிர்ந்தது. உலர்த்துகிற தட்டுகளிலிருந்து ஏலக்காய் கொட்டியது. மலைக்கு மலை அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. அதற்கு மேல், பாறை உருளுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"அண்ணாச்சி! எல்லாரும் இருக்காகளா?"

"இருக்காக தாயி, இருக்காக! குதிரைதான் மெரண்டு போச்சு. வளைவுப் பக்கம் ரோட்டையே காணோமாம், மேஸ்திரி ஆளு ஓடி வந்து சொல்லுதான். நேரா அங்கதான் தாயி போயிருப்பாக!" அந்தப் பேச்சுக்காரருக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நான் மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாரும் இல்லாத ஸ்டோரில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

மேஜர் துரை ஓடி வந்தார். பின்னால் மூச்சிரைக்க ஜெனரல் துரை. மேஜருடைய முகத்தில் ரத்தமே இல்லை. வெடிச்சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது படை எங்கே போக வேண்டும் என்றும் தெரியும்.

"ரெண்டாவது படை எங்கே?" என்று கேட்டார்.

"கவட்டைச் சாவடியில நிக்காக தொரை. எல்லாரும் நல்லா இருக்காக."

மேஜையைப் பிடித்துக்கொண்டார். "யார் நிறுத்தினது?"

ஜெனரல் துரை அவர் தோளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை சொல்ல எனக்குப் பயமாக இல்லை.

"நீங்கதான் தொரை," என்றேன்.

அவர் கண் இமைக்கவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஜெனரல் துரை, "அவள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். மேஜர் துரை என்னைப் பார்த்தபடியே இங்கிலீஷில் பதில் சொன்னார்: "என் உத்தரவுப்படி அவர்களை நிறுத்தியிருக்கிறாள், சார்."

ஜெனரல் துரை போர்டைப் பார்த்தார். இந்தத் தடவை முகம் சுளிக்கவில்லை. இத்தனை பெரிய மலையில் ஒரே ஒரு படையை, அதுவும் கிளம்பின படையை, பாறைமேல் நின்று தன்னால் நிறுத்தியிருக்க முடியாது என்றார். நல்ல வேலை, மேஜர் என்று கை குலுக்கினார். அதற்குள் சிப்பாய்கள் மெட்டில் கொடி ஏற்றிவிட்டார்கள் என்று கடைசிச் சாவடியிலிருந்து செய்தி வந்தது. நாம் தோற்றுப்போனோம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கை குலுக்கினதைப் பார்த்து எனக்கு ரோஷம் வரவில்லை என்றால் அது பொய். வந்தது. என் தலை தப்பியது அந்தக் கைகுலுக்கலால்தான் என்பதும் புரிந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன. அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபத்தில் அந்தப் படைத்துரையின் குதிரைகளைக்கூடச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேஜர் துரை ஸ்டோருக்குத் தனியாக வந்தார். கொட்டின ஏலக்காயைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன்.

"வேலை உனக்குத்தான்," என்றார். "நிரந்தரம்."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஒரு விஷயம். நான் சொல்லாத உத்தரவு, இனிமேல் என் பேராலே இந்தப் போர்டிலிருந்து போகக்கூடாது. ஒரு தடவைகூட. இது இல்லேன்னா படை நடத்த முடியாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது தொரை."

திரும்பி வாசலுக்குப் போனார். என் வாய் சும்மா இருக்குமா? பின்னாலேயே கேட்டேன்.

"நேத்து மாதிரி ஆனா என்ன செய்யட்டும் தொரை?"

அவர் நின்றார். வெளியே குதிரை கனைத்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"நேத்து மாதிரி ஆனால், நேத்து மாதிரி செய்."